ஈறில் ரத்தம் கசிந்தால் இதய மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. 8 மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் (வலைக்குழாய்) வைத்தார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் சாப்பிடுகிறேன். பல் துலக்கினால் ஈறில் ரத்தம் கசிகிறது. ஈறு நோய் முற்றினால் மறுபடியும் மாரடைப்பு வரும் என்கிறார்கள். மாத்திரையைச் சில நாள் நிறுத்திவிட்டுப் பல்லைச் சுத்தம் செய்துகொள்ளலாமா?

பதில்: முதலில் மாத்திரை. இதய மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையாமல் காப்பவை அந்த இரண்டும்தான். பல்லில் கெட்டியாகப் படிந்த அழுக்கான காரையை எடுக்கும்போது கசியும் ரத்தத்தைப் பஞ்சை வைத்துச் சற்று நேரம் அழுத்தினால் நிறுத்திவிடலாம். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. டிஸ்சார்ஜ் சம்மரியையும் மாத்திரைச் சீட்டையும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரே நாளில் முடிக்காமல் பகுதி பகுதியாகச் செய்வார்.

கசிவுக்கு மாத்திரையை மட்டும் குறை சொல்ல முடியாது. அது ரத்தத்தைக் கூடுதலாகக் காட்டும். புண் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழமுள்ள இடுக்கு எல்லோருக்கும் உண்டு. காரை படிந்து வீங்கினால் அது 5, 6 மில்லிமீட்டர் பையாகிவிடுகிறது. கோடு போட்ட மெல்லிய கம்பியை விட்டு அளந்தால் தெரியும். இந்தப் பை பெரும்பாலும் வலிப்பதில்லை, அதனால்தான் ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறோம். உணவை மெல்லும்போதுகூட அதிலிருந்து கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றன. போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்னும் ஈறுக் கிருமியின் தடயம் ரத்தக் குழாயின் கொழுப்புப் படிவிலேயே கிடைத்திருக்கிறது.

அப்படியானால் ஈறு நோய்தான் மாரடைப்பைக் கொண்டுவருகிறதா? புகைப்பழக்கம் போன்ற பொதுக் காரணங்களைக் கழித்த பிறகும் இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது. ஆனால் ஒன்று மற்றொன்றை உண்டாக்குவதாகவோ, ஈறு சிகிச்சை மாரடைப்பைத் தடுப்பதாகவோ நிரூபணம் இல்லை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012-இல் அறிவித்தது. ஆகவே பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பல்லைச் சுத்தம் செய்துவிட்டோம் என்று ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் மறந்துவிடவும் வேண்டாம். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையும் அடங்காது.

சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று பலர் தள்ளிப்போடுவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். எலும்பு கரைந்த பல்லை இத்தனை நாள் காரை பிடித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான்.

சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் தேவைப்படுவது செயற்கை வால்வு பொருத்தியவர்கள், முன்பு இதய உட்சவ்வில் தொற்று வந்தவர்கள், சில பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள் போன்றோருக்குத்தான். ஸ்டென்டுக்காக மட்டும் அது வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். சிலருக்கு அதனாலேயே ஈறு தடித்து வளரும்.

இன்னொன்று: படியேறும்போது கீழ்த்தாடை வலித்து, உட்கார்ந்ததும் அடங்கினால் அதைப் பல்வலி என்று எண்ணாதீர்கள், அன்றே இதய மருத்துவரைப் பாருங்கள். உட்கார்ந்தும் அடங்காவிட்டால் உடனே 108-ஐ அழையுங்கள்.