கடையில் நிற்பவர்களுக்கு நாற்காலி உண்டா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நெல்லை வண்ணார்பேட்டையில் ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலை 10 மணியிலிருந்து ராத்திரி 9 வரை நிற்கணும், மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். ஆள் வராத நேரத்தில் உட்கார்ந்தாலும் ‘கேமராவில் தெரியுது’ என்று சம்பளத்தில் 50 ரூபாய் பிடிக்கிறார்கள். நாற்காலிச் சட்டம் எங்களுக்கும் பொருந்துமா?
– வாசகி, மேலப்பாளையம்

பதில்: பொருந்தும். 1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அது. கேரளம் இதை 2018-லேயே செய்துவிட்டது. குடோனில் அடுக்கி வைத்த ஸ்டூல் இதில் சேராது. நீங்கள் நிற்கும் இடத்திலேயே இருக்க வேண்டும்.

அபராதமும் முதலாளி நினைத்தபடி போடக்கூடியதல்ல. எந்தெந்தத் தவறுக்கு என்று முன்கூட்டியே அரசு அனுமதி வாங்கி, அறிவிப்பாக ஒட்டியிருக்க வேண்டும். உட்கார்ந்ததற்கு அபராதம் என்பதற்கு யார் அனுமதி கொடுப்பார்கள்?

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. சாப்பாட்டு நேரம் போக உங்கள் வேலை 10 மணி நேரம். சட்டப்படி நாளுக்கு 8, வாரத்துக்கு 48. ஆறு நாளும் இப்படியென்றால் வாரம் 12 மணி நேரம் ஓவர்டைம். அதற்கு இரட்டைக் கூலி தரவேண்டும்.

தொழிலாளர் துறைக்கான மனுவைத் தனியாகக் கொடுக்காதீர்கள், நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். ‘கொடுமைப்படுத்துகிறார்கள்’ என்று மொட்டையாக எழுதினால் பயனில்லை. ஆய்வாளர் வரும்போது ஸ்டூல்கள் வரிசையாகப் போட்டிருக்கும், அவரும் பார்த்துவிட்டுப் போய்விடுவார். எந்த மாடி, எத்தனை பேர், எத்தனை இருக்கை, எந்த நேரத்தில் உட்காரவிடுவதில்லை, எந்த மாதம் எவ்வளவு பிடித்தார்கள் என்று எழுதி, சம்பளம் ஏறிய பாஸ்புக் பக்கத்தின் நகலை இணையுங்கள். தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) பெயருக்கு ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பலாம். திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளிலும் கொடுக்கலாம். மனு எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்று மனுவிலேயே எழுதுங்கள்.

ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமில்லாமல் நீக்க முடியாது. நீக்கினால் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தரவேண்டும். மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் கெடு. ‘தீபாவளி முடியட்டும்’ என்று தள்ளிப்போட்டுக் கெடுவைத் தவறவிடுகிறவர்களே அதிகம்.

கேள்வி: பத்தடி அகலக் கடை, மூன்று ஊழியர். நாற்காலி போட்டால் நடக்கவே வழியில்லை. சின்னக் கடைக்கும் இது உண்டா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: ‘ஒவ்வொரு நிறுவனமும்’ என்றுதான் சட்டம் சொல்கிறது. நாற்காலியேதான் வேண்டும் என்றில்லை. கவுண்டர் 40 அங்குல உயரமென்றால், இருக்கை அதைவிட 10 முதல் 12 அங்குலம் தாழ்வாக, அதாவது 28 முதல் 30 அங்குலத்தில் இருக்கட்டும். கால் வைக்கக் குறுக்குக் கம்பி அவசியம். அது இல்லாவிட்டால் கால் தொங்கி, தொடையின் அடிப்பக்கம் அழுந்தி, நின்றதைவிட மோசமாக வீங்கும். முட்டி இடிக்காமலிருக்கக் கவுண்டரின் உள்பக்கம் கீழ்த்தட்டு ஒன்றை எடுத்துவிடுங்கள். அதற்கும் இடமில்லையென்றால் சுவரில் கீல் வைத்து மடக்குப் பலகை அடிக்கலாம். பழைய பட்டுக்கடைகளில் மெத்தை விரித்து உட்கார்ந்தேதானே சேலையை விரித்துக் காட்டினார்கள், வியாபாரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை!

கேள்வி: சாயங்காலமானால் கணுக்கால் வீங்கி, நரம்பு புடைக்கிறது. காலுறை போட்டால் போதுமா?
– வாசகி, பேட்டை

பதில்: இறுக்கமான காலுறையை டாக்டர் பார்த்த பிறகே போடுங்கள்; காலுக்கு ரத்த ஓட்டம் குறைவாக உள்ளவர்களுக்கு அது கெடுதல். வீட்டுக்கு வந்ததும் காலைத் தலையணை மேல் நெஞ்சைவிட உயரமாக வைத்து 15 நிமிடம் படுங்கள். கடையில் நிற்கும்போது குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், கெண்டைக்கால் தசைதான் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. கழிப்பறைக்கு விடமாட்டார்கள் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். நீர்க்கடுப்பு அதில்தான் தொடங்கும். ஒரே ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். காலைத் தேய்த்துவிட வேண்டாம்.