ஷ்ரோடிங்கரின் பூனை: வகுப்பில் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். பெட்டிக்குள் அடைத்த பூனை உயிருடனும் இறந்தும் ஒருசேர இருப்பதாகச் சொல்லும் கற்பனைச் சோதனையான, இயற்பியலாளர் ஷ்ரோடிங்கரின் பூனையைப் பற்றிச் சொன்னதும், “பெட்டியைத் திறக்கும் வரை நமக்குத் தெரியாது, அவ்வளவுதானே?” என்று மாணவர்கள் கேட்கிறார்கள். “நாம் பார்ப்பதால்தான் பூனை சாகிறதா?” என்று கேட்பவர்களும் உண்டு. அதிகக் கணக்கு இல்லாமல் இதை எப்படி விளக்குவது?

பதில்: உங்கள் மாணவர்களின் முதல் கேள்வி மிகச் சரியானது. அதற்கு விடை சொல்லாமல் பூனையைப் பற்றி எவ்வளவு பேசினாலும் வகுப்பில் வியப்பு மட்டுமே மிஞ்சும். ஆகவே பூனையைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, எலக்ட்ரானிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் ஆலோசனை.

இரண்டு குறுகிய பிளவுகள் உள்ள ஒரு தடுப்பை நோக்கி எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகச் செலுத்துகிறோம். ஒரு பிளவை மட்டும் திறந்து வைக்கும்போது, பின்னாலுள்ள திரையில் அவை பரவலாக வந்து விழுகின்றன. இப்போது இரண்டாவது பிளவையும் திறந்தால் முன்பு எலக்ட்ரான்கள் வந்து விழுந்த சில இடங்களில் அவற்றின் வருகை ஏறத்தாழ நின்றுவிடுகிறது. இந்த இடத்தில் அவசரப்படாமல் மாணவர்களைச் சிந்திக்க விடுங்கள். ஒவ்வோர் எலக்ட்ரானும் ஏதோ ஒரு பிளவு வழியாக வந்தது, மற்றப் பிளவுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை, எது என்பது மட்டும் நமக்குத் தெரியவில்லை என்றால், கூடுதலாக ஒரு வழியைத் திறப்பதால் எந்த இடத்திலும் எண்ணிக்கை குறைய நியாயமில்லை. குறைகிறது என்பதால், இரு வாய்ப்புகளும் ஒன்றையொன்று கூட்டவும் அழிக்கவும் செய்கின்றன என்று கொள்ள வேண்டியிருக்கிறது. இதுவே குறுக்கீட்டு விளைவு. இரு வாய்ப்புகளும் ஒருசேர இருந்து இதைத் தரவல்ல நிலையே மேற்பொருந்துதல். வெறும் அறியாமையால் இவ்விளைவைத் தர முடியாது. மாணவர்களின் முதல் கேள்விக்கான விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

இனிப் பெட்டிக்கு வரலாம். எஃகு அறை ஒன்றில் பூனை, அதன் பிடிக்கு எட்டாதவாறு, கதிரியக்கத்தைக் கண்டறியும் கருவியான ஒரு கைகர் எண்ணி, அதற்குள் மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருள். ஒரு மணி நேரத்தில் ஓர் அணு சிதையவும், எதுவும் சிதையாமல் போகவும் சமவாய்ப்பு. சிதைந்தால் எண்ணி இயங்கி, ஒரு சுத்தியலை விடுவித்து, ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற கொடிய நஞ்சு உள்ள சிறு குடுவையை உடைத்துவிடும். ஷ்ரோடிங்கர் 1926இல் வெளியிட்ட சமன்பாட்டின்படி, அந்த ஒரு மணி நேர முடிவில் கதிரியக்கப் பொருள் ‘சிதைந்தது’, ‘சிதையாதது’ என்ற இரண்டின் மேற்பொருந்துதலாக இருக்கிறது. எண்ணியும் சுத்தியலும் பூனையும்கூட அணுக்களால் ஆனவையே. அணுவோடு நின்றுகொள் என்று அந்தச் சமன்பாடு எந்த இடத்திலும் சொல்வதில்லை. எனவே அதைக் கடைசிவரை பின்பற்றினால், உயிருள்ள பூனையும் இறந்த பூனையும் சேர்ந்த ஒரு நிலை கிடைக்கிறது.

ஷ்ரோடிங்கர் இதை நம்பிச் சொல்லவில்லை என்பதை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். 1933இல் பெர்லினை விட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்ற அவர், 1935 கோடையில் ஐன்ஸ்டைனுடன் கடிதம் வழியே, அணு அளவிலான உலகை விவரிக்கும் குவாண்டம் கோட்பாட்டின் பொருள் குறித்து விவாதித்து வந்தார். வெடித்தது, வெடிக்காதது என்ற இரு நிலைகளும் கலந்த வெடிமருந்தை ஐன்ஸ்டைன் ஒரு கடிதத்தில் எடுத்துக்காட்டினார். பூனை அதே ஆண்டு இறுதியில் ஒரு ஜெர்மன் அறிவியல் இதழில் வந்த நீண்ட கட்டுரையில், ஒரே பத்தியில் இடம்பெற்றது. அணுவின் நிலை உண்மையிலேயே மங்கலானது என்று ஏற்றுக்கொண்டால், அந்த மங்கலை அணுவுக்குள்ளேயே அடக்கிவைக்க முடியாது என்பதே அவருடைய வாதம். கை நடுங்கி எடுத்த புகைப்படம் வேறு, மேகத்தையும் பனிமூட்டத்தையும் எடுத்த புகைப்படம் வேறு என்று அப்பத்தியை அவர் முடிக்கிறார். வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஓர் உவமை எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது கேள்விக்கு, ‘இல்லை’ என்று தயங்காமல் சொல்லலாம். மனிதப் பார்வைக்குத் தனி ஆற்றல் எதுவும் தேவையில்லை. பூனையின் மீது மோதும் காற்று மூலக்கூறுகள், அதன் உடலிலிருந்து வெளியேறும் வெப்பக் கதிர்கள் ஆகிய ஒவ்வொன்றும் அதன் நிலையைப் பற்றிய தடயத்தைச் சுற்றுப்புறத்துக்குக் கொண்டு செல்கின்றன. அந்தத் தடயங்கள் சிதறியபின் இரு நிலைகளுக்கிடையே குறுக்கீட்டைக் காண்பது நடைமுறையில் இயலாததாகிவிடுகிறது. ஜெர்மன் இயற்பியலாளர் டீட்டர் ட்சே 1970இல் வெளியிட்ட கட்டுரை இவ்வழிச் சிந்தனைக்கு அடித்தளமிட்டது. ஆனால் இது பாதி விடைதான். குறுக்கீடு ஏன் மறைகிறது என்பதை இது விளக்குகிறது; இரண்டில் ஒன்று மட்டும் நம் முன் ஏன் நிகழ்கிறது என்பதை விளக்கவில்லை. இரண்டும் நிகழ்கின்றன என்று கொள்ளும் அமெரிக்க இயற்பியலாளர் எவரெட்டின் 1957ஆம் ஆண்டு விளக்கம் உட்படப் பல விளக்கங்கள் இன்றும் போட்டியிடுகின்றன. இது முடிந்துபோன பாடமன்று என்பதை மாணவர்களிடம் மறைக்க வேண்டாம். ஆர்வமுள்ள பிள்ளைகளை இயற்பியலுக்குள் இழுப்பது பெரும்பாலும் இந்தத் திறந்த பகுதிதான்.

“யாராவது செய்து பார்த்தார்களா?” என்ற கேள்வியும் நிச்சயம் எழும். பூனையை வைத்து இல்லை. ஆனால் 1996இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் டேவிட் வைன்லேண்டின் குழு, ஒரு பெரிலியம் அயனியை (மின்னேற்றம் பெற்ற அணுவை) ஒரே நேரத்தில் இரு வேறு இடங்களுக்குரிய நிலைகளின் மேற்பொருந்துதலில் வைத்தது. அதே ஆண்டு பாரிஸில் செர்ஜ் அரோஷின் குழு, சில ஃபோட்டான்களே (ஒளித்துகள்களே) கொண்ட நுண்ணலைப் புலத்தில் அத்தகைய நிலையை உருவாக்கி, அது கலைந்துபோவதையும் அளந்தது. இருவரும் 2012இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பாரிஸ் சோதனையை மட்டும் சற்று விரிவாக நடத்துங்கள்: சேர்த்து வைத்த இரு நிலைகளுக்கிடையே வேறுபாடு பெரிதாகப் பெரிதாக, மேற்பொருந்துதல் அவ்வளவு விரைவாகக் கலைந்தது. சில ஃபோட்டான்களுக்கே இந்த நிலை என்றால், கோடானுகோடி அணுக்களால் ஆன பூனைக்கு என்ன ஆகும் என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.