அம்மாவுக்குக் 'கரண்ட்' வைக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. புகையிலைப் பழக்கமே கிடையாது. நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோ முடிந்த நிலையில், தலைவலி, வாந்தி என்று எம்ஆர்ஐ எடுத்தோம். மூளையில் மூன்று இடத்தில் பரவியிருக்கிறதாம். ஒரு டாக்டர் 10 நாள் கரண்ட் வைக்கச் சொல்கிறார். இன்னொருவர் ஒரே நாளில் முடிக்கலாம், செலவு அதிகம் என்கிறார். ஞாபகம் போய்விடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. என் மகள் அவர் பக்கத்தில்தான் தூங்குவாள். சிகிச்சை நடக்கும்போது அவளை விடலாமா?
- வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரி, 'கரண்ட்' என்ற பேச்சை முதலில் வீட்டில் நிறுத்துங்கள். இது கதிர்வீச்சுச் சிகிச்சை. இதில் மின்சாரம் உடம்பில் பாய்வதில்லை. எக்ஸ்ரேயை விடப் பல மடங்கு வீரியமான கதிர்கள், அவ்வளவுதான். ஷாக் அடிக்காது, வலிக்காது.

இரண்டு டாக்டர்களும் சொல்வது வேறு வேறு சிகிச்சை. 10 நாள் என்பது மூளை முழுவதற்கும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது. வழக்கமாக மொத்தம் 30 கிரே ('கிரே' என்பது கதிரின் அளவைச் சொல்லும் அலகு). ஒரே நாள் என்பது கட்டி இருக்கும் இடங்களை மட்டும் குறிவைத்து, அதிக அளவை ஒரே தடவையில் செலுத்துவது. காமா நைஃப், சைபர் நைஃப் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பெயரில் கத்தி இருந்தாலும் அறுப்பது கிடையாது.

ஞாபகத்தைப் பற்றிய பயம் முழுக்கப் பொய்யல்ல. மூளையில் ஒன்று முதல் மூன்று கட்டிகள் இருந்த 213 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. அவர்களில் பெரும்பாலோர் நுரையீரல் புற்றுநோயாளிகள். குறிவைத்த சிகிச்சையோடு முழு மூளைக்கும் கதிர் கொடுத்தவர்களில், மூன்று மாதத்தில் 100-க்கு 92 பேருக்கு நினைவு, சிந்தனைச் சோதனைகளில் ஏதோ ஒரு சரிவு தெரிந்தது. குறிவைத்த சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 64. ஆயுளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் முழு மூளைக்கும் கொடுக்காதபோது வேறு இடத்தில் புதிதாகக் கட்டி வரும் வாய்ப்பு அதிகம். அதனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எம்ஆர்ஐ எடுத்தே ஆக வேண்டும்.

மூன்றே கட்டிகள், அவையும் சிறியவை, அம்மா நடமாடுகிறார் என்றால், என் மனம் ஒரே நாள் சிகிச்சைப் பக்கம்தான் சாய்கிறது. 'ஸ்மால் செல்' வகைப் புற்றுநோயாக இருந்தால் கணக்கு வேறு. அதற்கு முழு மூளைச் சிகிச்சைதான் பெரும்பாலும் வழக்கம். அப்படிக் கொடுக்க நேர்ந்தாலும், நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் பகுதியை ஒதுக்கிக் கொடுக்க முடியுமா, நினைவுச் சரிவைக் குறைக்க மெமன்டின் மாத்திரை சேர்க்கலாமா என்று கேளுங்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதையும் இப்போதே விசாரியுங்கள்.

கடிதத்தில் ஒன்றைக் காணோம். இஜிஎஃப்ஆர், ஆல்க் மரபணுப் பரிசோதனை செய்தார்களா? புகைபிடிக்காத நம் ஊர்ப் பெண்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோயில் இஜிஎஃப்ஆர் மரபணுவில் மாற்றம் நிறையவே இருக்கிறது. இருந்தால் ஒசிமெர்டினிப் போன்ற மாத்திரை மூளைக் கட்டியிலும் வேலை செய்யும். சிலருக்குக் கதிர்வீச்சையே தள்ளிப்போட முடிகிறது. செய்யவில்லை என்றால் நாளைக்கே கேளுங்கள்.

தலைவலிக்கு டெக்ஸாமெதசோன் கொடுத்திருப்பார்கள். மூளை வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு அது. சாப்பிட்ட பிறகு கொடுங்கள். சர்க்கரை ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள். தலைவலி போய்விட்டதே என்று நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வந்தாலோ, கை கால் ஒரு பக்கம் தளர்ந்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். சிகிச்சையின்போது தலை அசையாமல் இருக்க, முகத்தோடு ஒட்டிய ஒரு வலை முகமூடி செய்வார்கள். எதற்கு என்றே தெரியாமல் அதைப் போட்டுக்கொண்டு தனி அறையில் படுத்திருப்பது கொடுமை. 'தலைவலி வந்ததே, அந்த நோய் தலைக்கும் போயிருக்கிறதாம், அதற்கு வைத்தியம் இருக்கிறது' என்று தொடங்குங்கள். மற்றதை அவர் கேட்கக் கேட்கச் சொல்லுங்கள். பத்து நாளா ஒரு நாளா என்பதில் அவருக்கும் ஒரு சொல் இருக்கட்டும்.

முழு மூளைக்குக் கொடுத்தால் இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும். பெரும்பாலும் சில மாதங்களில் திரும்ப வளரும். மகளுக்கு அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் உடம்பில் தங்காது. சிகிச்சை நடக்கும் நாட்களிலும் இரவில் அவள் பாட்டி பக்கத்தில் தூங்கலாம்.