கல்லூரி விரிவுரையாளருக்கு வேலை குறைவு, சம்பளம் அதிகம் என்கிறார்களே, உண்மையா?

முதுகலை முடித்துவிட்டு, பள்ளியா கல்லூரியா என்று யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான் இரண்டிலும் இருந்திருக்கிறேன். பள்ளியில் நான்கு வருடம், பிறகு கல்லூரியில் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு மூன்று வருடம், இப்போது நிரந்தரப் பணி.

டைம்டேபிளை மட்டும் பார்த்தால் நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். பள்ளியில் நாளுக்கு ஆறு பீரியட் ஓடும், கல்லூரியில் மூன்று. ஆனால் பள்ளியில் ஒரே பாடத்தை மூன்று பிரிவுக்கு எடுப்பேன். இரண்டாவது வகுப்புக்குத் தயாரிப்பே வேண்டாம். கல்லூரியில் முதல் செமஸ்டரிலேயே நான்கு வெவ்வேறு பேப்பர் கொடுத்தார்கள். அதில் ஒன்று நான் படித்தே இராதது. (யாரும் விரும்பாத பேப்பர் புதிதாக வருபவர் தலையில்தான் விழும்.) ஒரு மணி நேர வகுப்புக்கு வீட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து படித்தேன். சம்பளம் வகுப்பில் நின்ற அந்த ஒரு மணிக்குத்தான். வகுத்துப் பார்த்தால் பேசிய தொகையில் கால்வாசி. விடைத்தாள் இன்னும் இந்தக் கணக்குக்குள் வரவில்லை. வகுப்புக்கு 60 பேர், மூன்று வகுப்பு, தாளுக்கு 10 நிமிடம் என்றாலே 30 மணி நேரம். தேர்வு மாதத்தில் வகுப்பு இல்லை, அதனால் சம்பளமும் இல்லை. தாள் கட்டு வீட்டுக்கு வருவதோ அந்த மாதத்தில்தான்.

பள்ளியின் சுமை வேறு மாதிரி. ஓஇசிடி என்ற பல நாட்டுப் பொருளாதார அமைப்பின் 2018 ஆசிரியர் கணக்கெடுப்பில், ஜப்பானின் நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாரம் 56 மணி நேரம் வேலை செய்வதாகச் சொன்னார்கள். அதில் பாடம் நடத்துவது 18 மணி நேரம்தான். மற்றது தயாரிப்பு, திருத்தம், மாணவர் மன்றங்கள், ஃபைல்கள். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. தாள் திருத்துவதை நான் குறை சொல்லமாட்டேன், பிள்ளைக்கு எங்கே புரியவில்லை என்று அதில்தான் தெரிகிறது. ஒரே விவரத்தை மூன்று படிவத்தில் நிரப்பச் சொல்லும்போதுதான் வயிறு எரியும்.

இதெல்லாம் யாருக்கும் தெரியாத விஷயமும் இல்லை. பாட நேரத்தை முடிவு செய்யும்போது மாணவர் எண்ணிக்கை, தயாரிப்புக்கும் திருத்தத்துக்கும் ஆகும் நேரம், ஒருவர் ஒரு நாளில் எத்தனை வெவ்வேறு பாடம் எடுக்கிறார் என்பதையெல்லாம் கணக்கில் எடுக்கவேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓவும் யுனெஸ்கோவும் 1966லேயே பரிந்துரைத்துவிட்டன. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை.

நிரந்தரப் பணி கிடைத்தால் கல்லூரிக்கே போங்கள். முதல் இரண்டு வருடம் தாண்டிவிட்டால் பழைய நோட்ஸ் கை கொடுக்கும். மணிக்கணக்கு என்றால், மாதச் சம்பளம் ஒழுங்காக வரும் பள்ளியே மேல் என்பேன். எதுவானாலும் நேர்முகத்தில் மூன்றைக் கேட்டுவிடுங்கள்: எத்தனை பேப்பர், வகுப்புக்கு எத்தனை பேர், விடுமுறை மாதத்துக்குச் சம்பளம் உண்டா. கடைசிக் கேள்விக்கு நேராகப் பதில் வராவிட்டால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.