வாசகர் கேள்வி – பதில்: அம்மம்மாவுக்குச் சொன்ன பொய்

கேள்வி: 78 வயதான எங்கள் அம்மம்மாவுக்கு இருதயச் சத்திரசிகிச்சை நடந்த நான்காம் நாள், கனடாவில் இருந்த அவருடைய தம்பி காலமானார். அதிர்ச்சி தரும் எதையும் இப்போதைக்குச் சொல்லவேண்டாம் என்று வைத்தியர் கூறியதால் மறைத்தோம். ஞாயிறுதோறும் வரும் அழைப்பு ஏன் வரவில்லை என்று கேட்டபோது, தொலைபேசி பழுது என்றோம். இப்போது அம்மம்மா தேறிவிட்டார், வரும் வாரம் தம்பியின் அந்தியேட்டிச் சடங்கு. நேற்று, கனடா போகும் ஒருவரிடம் கொடுத்துவிடுவதற்காகத் தம்பிக்கென்று மிளகாய்த்தூளும் புழுக்கொடியலும் கட்டிவைத்தார். தொடர்ந்து மறைப்பதே நல்லது என்கிறார் மாமா. மெய்யியல் படிக்கும் என் மகளோ, ஜேர்மன் மெய்யியலாளர் கான்ட் இதை ஒருபோதும் ஏற்கமாட்டார் என்கிறாள். யார் சொல்வது சரி?
— வாசகி, உடுவில்

பதில்: மகள் கான்டைச் சரியாகவே படித்திருக்கிறாள். கொலைகாரன் ஒருவன் வாசலில் நின்று, உங்கள் வீட்டில் ஒளிந்திருக்கும் நண்பர் எங்கே என்று கேட்டால்கூடப் பொய் சொல்லலாகாது என்று 1797இல் ஒரு கட்டுரையே எழுதியவர் அவர். நண்பர் இல்லை என்று நீங்கள் சொல்ல, அவரோ உங்களுக்குத் தெரியாமல் பின்புறமாக வெளியேறியிருக்க, திரும்பிப்போகும் கொலைகாரன் வழியில் அவரைக் கண்டு கொன்றுவிட்டால் அந்தச் சாவில் உங்களுக்கும் பங்குண்டு என்பது அவர் வாதம். மயான காண்டத்தை விடிய விடிய இருந்து பார்த்த யாழ்ப்பாணத்தவருக்கு இந்தப் பிடிவாதம் புதிதன்று. ஆனால் அரிச்சந்திரன் கூத்தில் முடிவில் தெய்வம் தோன்றி மகனை எழுப்பித் தரும். கான்டின் உதாரணத்தில் தோன்றுவதற்கு எவரும் இல்லை.

அந்தக் கட்டுரையைவிட, 1785இல் வெளியான நூலில் அவர் சொன்ன வேறொன்று உங்களுக்கு உதவும்: எவரையும் வெறும் கருவியாக மட்டும் நடத்தக்கூடாது. பொய்க்கு ஆளானவர் தாம் எதற்கு உடன்படுகிறார் என்பதையே அறியமாட்டார். அந்தப் புழுக்கொடியல் பொட்டலத்தைப் பாருங்கள். இல்லாத ஒருவருக்காக அவர் கை நூல் சுற்றுகிறது. சுற்றியிருப்போர் எல்லோருக்கும் அது தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. அவருடைய துக்கத்தை அவரிடமிருந்து எடுத்து நீங்கள் வைத்திருக்கிறீர்கள்.

மாமா நிற்பது ஆங்கிலேய மெய்யியலாளர்களான பெந்தமும் மில்லும் வகுத்த பயன்வழிக் கொள்கையின் பக்கம். செயலின் சரி பிழை அது விளைவிக்கும் இன்ப துன்பத்தால் அளக்கப்படும். 1861இல் மில் எழுதியதில் உங்கள் வீட்டு விடயமே வருகிறது: உண்மை பேசுதல் என்ற விதிக்கு விலக்குகள் உண்டு என்று சொல்லிவிட்டு, கடும் நோயாளியிடம் கெட்ட செய்தியை மறைப்பதை அவர் உதாரணம் காட்டுகிறார். ஆனால் விலக்கின் எல்லை வரையறுக்கப்படவேண்டும் என்பதும் அவர் சொன்னதே. மாமா விட்டுவிட்டது அந்த எல்லையைத்தான். அவர் கணக்கில், அம்மம்மா இதை வேறொருவர் வாயால் அறிய நேரும் நாளும், அதன்பின் நீங்கள் சொல்லும் எந்த நல்ல செய்தியையும் அவர் ஐயுறப்போவதும் சேரவில்லை.

வள்ளுவரும் ஏறக்குறைய இந்த இடத்துக்கே வருகிறார். 'பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்' (292) என்பதற்குப் பரிமேலழகர் தரும் விளக்கம் மிக இறுக்கமானது: கேடோ சாக்காடோ எய்தவிருந்த ஓர் உயிர், அந்தப் பொய்யாலேயே அதிலிருந்து நீங்கி இன்புறவேண்டும். இக்குறளை வைத்து வள்ளுவரைப் பயன்வழிக்காரராக்கும் மேடைப் பேச்சுகளை நானும் கேட்டிருக்கிறேன். பெற்ற தாயின் பசியைக் கண்டாலும் சான்றோர் பழிக்கும் வினையைச் செய்யாதே (656) என்றவரை அப்படி அடைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆக, சத்திரசிகிச்சைக்குப் பிந்திய நாட்களில் நீங்கள் மறைத்தது சரி; ஆபத்து விலகியபின் அதே பொய்க்கு அந்த நியாயம் இல்லை. வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு, அந்தியேட்டிக்கு முன் சொல்லிவிடுங்கள். எப்படிச் சொல்வது என்பதற்குக் கான்டும் மில்லும் அதிகம் உதவார். உரியவரிடம், உரிய வேளையில், உரிய விதத்தில் செய்வதையே நற்பண்பாகக் கண்ட அரிஸ்டோட்டிலிடம் போகவேண்டும்: தொலைபேசியில் வேண்டாம், கூட்டமாகவும் வேண்டாம், அவர் மடியில் வளர்ந்த ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லட்டும். பொய்க்காக மன்னிப்பும் கேளுங்கள். ஒரு கடமை இன்னொன்றுக்கு வழிவிட்டாலும் அழிந்துபோவதில்லை, அதற்கு ஈடு செய்யவேண்டியிருக்கும் என்று 1930இல் மெய்யியலாளர் றொஸ் எழுதியது இதற்குப் பொருந்தும்.

கேள்வி: வெங்காயத்துக்கு நான் ஒருவன் மட்டும் ஒரு மணித்தியாலம் கூடுதலாக மிசின் போட்டு இறைத்தால் குடாநாடு உவராகிவிடுமா? இதில் அறம் எங்கே வருகிறது?
— தோட்டக்காரர், கோப்பாய்

பதில்: ஆகிவிடாது. நமது நிலத்தடி நீர் சுண்ணக்கல்லில் தேங்கிய மழைநீர்; கீழே கடல்நீர் நிற்கிறது, மிகையாக இறைக்க அது மேலெழும். உங்கள் ஒரு மணித்தியாலத்தை மட்டும் தனியே நிறுத்தால் பயன் பாத்தியில் தெரியும், கேடு எங்கும் தெரியாது. ஆகவே செயலைத் தனித்தனியே எடைபோடும் பயன்வழியார் இங்கே தடுமாறுவர். கான்ட் கேட்பது வேறு: உங்கள் கொள்கையை எல்லோருக்குமான விதியாக விரும்புவீர்களா? எல்லோரும் அப்படி இறைத்தால் கூடுதலாக இறைக்க நன்னீரே இராது. தனிச் செயலை விட்டு விதியின் விளைவை நோக்கும் பயன்வழியாரும் வேறு ஒழுங்கையால் நடந்து இதே படலைக்குத்தான் வந்து சேர்கிறார்கள். பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைத்த நம் பாட்டன்மாருக்கு இது ஒரு தத்துவமாகவே தோன்றியிராது. அயல் தோட்டக்காரர் அத்தனை பேருக்கும் அதே ஒரு மணித்தியாலத்தைக் கொடுக்க நீங்கள் சம்மதமென்றால் மிசினைப் போடுங்கள்.