வெளிநாட்டிலிருந்து வந்து வைத்தியம் பார்த்த மிஷனரிகள் செய்தது சேவையா, மதமாற்றமா?

கேள்வி கேட்டவர் கீழே இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறார்: "இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள், மழுப்ப வேண்டாம்." மழுப்பாமல் சொல்கிறேன், இரண்டும்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் விஷயத்தில் அது அவருடைய கல்லறைக் கல்லிலேயே எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் மாசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் அடக்கம் செய்யப்பட்ட சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், யாழ்ப்பாணத்தில் வைத்தியம் பார்த்த அமெரிக்க மிஷனரி, "தமிழருக்கான மருத்துவ நற்செய்தியாளர்" என்ற பொருள்பட ஆங்கிலத்தில் பொறிக்கும்படி தானே சொல்லிவைத்துவிட்டுப் போனவர். மருத்துவம், நற்செய்தி, இரண்டு சொல்லும் ஒரே கல்லில் இருக்கின்றன. ஒன்றை மற்றதற்குப் பின்னால் ஒளிக்க அவர் நினைக்கவில்லை.

நான் ஆர் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் கேட்பீர்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் ஒரு சைவக் குடும்பம். சித்திரை வருஷப் பிறப்பன்று மருதடிப் பிள்ளையாருக்குத் தேர் இழுக்கிற ஊர். என் அப்பா பிறந்தது அதே ஊரில் கிறீனின் பெயரில் நடக்கிற மிஷன் ஆசுப்பத்திரியில். அப்பம்மாவிடம் "வேதக்காரர் ஆசுப்பத்திரிக்கு ஏன் போனனீங்கள்?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "பிள்ளை பிறக்கிற நேரத்திலை சமயம் பாக்கேலுமே?" என்பாள். நாலு பிள்ளையும் அங்கேதான். நாலு பேருக்கும் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து மருதடியில் அருச்சனை.

இப்போது ரொறன்ரோவில் ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்ப்பாளராக வேலை. மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்வதை நோயாளிக்குத் தமிழில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவு' எவ்வளவு என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. சண்டிலிப்பாயிலிருந்து வந்த ஓர் அம்மா. படுக்கைக்குப் பக்கத்தில் நின்று மருத்துவர் ஓர் உறுப்பின் பெயரைச் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபடி "சதையி" என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஒன்றும் விளங்கவில்லை என்று தெரிந்தது. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் வருகிற "கணையம்" என்ற சொல்லையும் சொல்லிப் பார்த்தேன். "சதையோ, பிள்ளை? எனக்கு உடம்பிலை சதையே இல்லையே" என்றார். கடைசியில் கையை என் வயிற்றில் வைத்து, இரைப்பைக்குப் பின்னால் ஒரு நாக்குப் போல இருக்கிறது, சாப்பாடு சமிக்கத் தண்ணி விடுகிறது, சீனி வருத்தமும் அங்கேயிருந்துதான் வருகிறது என்று சொல்லி முடித்தபோதுதான் தலையாட்டினார். அன்று இரவுதான் கிறீனைப் பற்றி ஒழுங்காக வாசிக்கத் தொடங்கினேன். இந்தச் சொல் தேடுகிற பாட்டை நூற்றைம்பது வருஷத்துக்கு முதல் ஒரு வெள்ளைக்காரர் பட்டிருக்கிறார்.

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816-இல். அவர்கள் முதலில் நினைத்தது இந்தியாவை. கிழக்கிந்தியக் கம்பெனி மிஷனரிகளைத் தன் நிலத்தில் விரும்பவில்லை, கல்கத்தாவில் இறங்கியவர்களைத் திருப்பி அனுப்பியது. இலங்கை கம்பெனியின் கையில் இல்லாமல் நேரே பிரித்தானிய அரசின் கீழ் இருந்ததால் இங்கே கதவு திறந்தது. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில் என்று நிலையங்கள் எழும்பின. பண்டத்தரிப்பில் ஜோன் ஸ்கடர் வைத்தியம் பார்த்தார். வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் பாட்டனார் அவர்.

கிறீன் வந்தது 1847-இல், இருபத்தைந்து வயதளவில். அடுத்த வருஷம் மானிப்பாயில் குடியேறி மூன்று மாணவர்களோடு மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். ஆனால் படித்து முடித்த பெடியங்கள் அரசாங்க உத்தியோகம் தேடிக்கொண்டு வெளியூர்களுக்குப் போனார்கள். காய்ச்சலும் பேதியுமாகக் கிடக்கிற ஊர்களில் ஆரும் இல்லை. 1864-இல் முடிவெடுத்தார், இனி எல்லாம் தமிழில்.

இதை வாசிக்கிற பலருக்கு இந்த இடம் சாதாரணமாகத் தெரியும். எனக்கு இதில்தான் மனம் நின்றுவிடுகிறது. தமிழில் மருத்துவம் படிப்பிப்பதென்றால் தமிழில் புத்தகம் வேண்டும். புத்தகம் வேண்டுமென்றால் சொல் வேண்டும். அதற்கு முன்னமே, 1852-இல், கல்வின் கட்டர் என்பவரின் பாடநூலை 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்று கொண்டுவந்திருந்தார். உடற்கூறு அங்காதிபாதம், உடற்றொழில் சுகரணவாதம், சுகாதாரம் உற்பாலனம். பிறகு பிரசவ வைத்தியம், 1867-இல் சத்திரசிகிச்சைக்கு 'இரண வைத்தியம்', 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875-இல் இரசாயனத்துக்குக் 'கெமிஸ்தம்'.

அந்தக் கடைசித் தலைப்பைக் கொஞ்சம் பாருங்கள். அவர் வைத்திருந்த ஒழுங்கு இது: முதலில் தமிழில் சொல் இருக்கிறதா என்று தேடு. இல்லையென்றால் சமஸ்கிருதத்தில் தேடு. அங்கேயும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லை எடு, ஆனால் தமிழ் நாக்குக்கு ஏற்றபடி மாற்றி எடு. 'கெமிஸ்தம்' அந்த மூன்றாவது படி. கேட்க வேடிக்கையாக இருக்கிறது. வேடிக்கையாக இருந்தாலும் மானிப்பாயில் ஒரு பெடியனுக்கு அது வாயில் நுழையும், வேற்றுமை உருபு ஏற்கும், கெமிஸ்தத்தை, கெமிஸ்தத்தில் என்று வளையும். மாணவர்களையே மொழிபெயர்ப்பில் உட்கார வைத்தார். அறுபதுக்கு மேற்பட்டவர்களை வைத்தியராக்கினார், அவர்களில் பாதிப்பேர் அளவில் தமிழிலேயே படித்தவர்கள்.

உடம்பு முடியாமல் 1857-இல் அமெரிக்காவுக்குப் போனவர், 1862-இல் கல்யாணம் கட்டி மனைவியையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். 1873-இல் கடைசியாகப் போனபிறகும் அங்கிருந்தே தமிழ்ப் புத்தக வேலையைத் தொடர்ந்தார். 1884-இல் இறந்தார்.

இப்போது மதமாற்றத்துக்கு வருவோம். சந்தேகமே வேண்டாம், அவர் வந்தது அதற்குத்தான். அந்தக் காலத்து மிஷன் வைத்தியசாலைகளில் முதலில் வேத வாசிப்பு, ஜெபம், பிறகுதான் மருந்து. வலியோடு திண்ணையில் இருக்கிறவன் எழும்பிப் போக மாட்டான் என்பது எல்லாருக்கும் தெரியும். இதைத் தூண்டில் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கப் போவதில்லை. பள்ளிக்கூடங்களில் இன்னும் ஒரு படி மேலே. அமெரிக்காவில் ஒருவர் ஒரு பிள்ளைக்குப் பணம் கட்டினால் அவர் சொல்கிற பெயரைப் பிள்ளைக்கு வைக்கிற வழக்கம் இருந்தது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று யாழ்ப்பாண இலக்கிய வரலாறு முழுக்கப் பாதி வெள்ளை, பாதி கறுப்பாகப் பெயர்கள் வருவது இந்தக் காலத்துச் சங்கதி. பெற்றவர்கள் கோயிலில் வைத்த பெயரின் தலையில் ஆரோ முன்பின் தெரியாதவரின் பெயர். எனக்கு இது இன்றைக்கும் கோபம் வருகிற விஷயம்.

கிறீனிடமும் ஒரு வினோதம். மாணவர்கள் கிறிஸ்தவர்களாக வேண்டும் என்று விரும்பினார், வெள்ளைக்காரர்களாவதை மட்டும் வெறுத்தார். வேட்டியை விட்டுக் காற்சட்டைக்கு மாறுகிற மாணவனுக்கு உதவிப்பணம் இல்லை என்கிற அளவுக்குப் போனார். நல்ல நோக்கம்தான், ஆனால் என்ன உடுப்பதென்று தீர்மானிக்கிற அதிகாரம் அப்போதும் அவரிடம்தான் இருந்தது. இதைப் புகழ்வதா திட்டுவதா என்று எனக்கு இன்னும் முடிவில்லை.

ஊர் சும்மா இருந்ததா என்றால், இல்லை. கிறீன் பிறந்த அதே 1822-இல் நல்லூரில் பிறந்தவர் ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவியவர். கிறீன் மானிப்பாயில் வகுப்புத் தொடங்கிய அதே 1848-இல் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அச்சகம், பாடப் புத்தகம், பிரசங்கம், வசன நடை என்று பாதிரிமாரின் ஆயுதம் எல்லாவற்றையும் எடுத்து அவர்களுக்கு எதிராகவே திருப்பினார். 1870-களின் பஞ்சத்திலும் கொள்ளை நோயிலும் கஞ்சித்தொட்டி வைத்து ஊற்றினார். மிஷன் வந்திராவிட்டால் இந்த நாவலரும் இப்படி வந்திருக்க மாட்டார் என்று அப்பாவிடம் ஒருமுறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கணக்குப் பார்த்தால் மதமாற்றத்தில் மிஷனுக்குப் பெரிய வெற்றி இல்லை, யாழ்ப்பாணம் சைவமாகவே இருந்துவிட்டது. தமிழ் மருத்துவக் கல்வியும் நிலைக்கவில்லை. 1870-இல் கொழும்பில் ஆங்கிலத்தில் மருத்துவப் பள்ளி வந்தது, உத்தியோகம் அந்தப் பக்கம் போனது, பிள்ளைகளும் பின்னால் போனார்கள். 1978-இல் யாழ்ப்பாணத்துக்கென்று மருத்துவ பீடம் வந்தபோது அங்கேயும் ஆங்கிலம்தான். அங்காதிபாதம் என்றால் இன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. அவர் ஆசைப்பட்ட இரண்டுமே கைகூடவில்லை. மிஞ்சியது ஆசுப்பத்திரியும், வைத்தியம் தெரிந்த ஊர்ப் பெடியங்களும், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும். என் அப்பாவைப் பிடித்து வெளியே எடுத்தது மானிப்பாய்ப் பெண் ஒருத்திதான், வெள்ளைக்காரி அல்ல.

அதனால் வெளியே இருந்து உதவிக்கு வருகிறவர்களை, அவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று கிண்டிப் பார்க்க நான் போவதில்லை. மனதைப் பார்க்க என்னிடம் ஸ்கான் இல்லை. எத்தனை நாள் நிற்கிறார்கள், என்ன பாஷையில் கதைக்கிறார்கள், போகும்போது ஆருக்கு என்ன தெரிந்திருக்கிறது, இதைத்தான் பார்க்கிறேன். அப்படிப் பார்க்கப் பழகினது சுனாமிக்குப் பிறகு.

2005 தை மாதம். எனக்கு அப்போது இருபத்திமூன்று. வடமராட்சி கிழக்கில் ஒரு பள்ளிக்கூட முகாம். சவங்களைத் தூக்கினதும் முதல் சாப்பாடு கொண்டுவந்ததும் உள்ளூர்க்காரர், அதில் பங்குத் தந்தையும் இருந்தார், கோயில் இளைஞர்களும் இருந்தார்கள். அப்போது ஆரும் ஆரிடமும் சமயம் கேட்கவில்லை. மூன்றாம் கிழமை ஒரு வெளிநாட்டுக் கிறிஸ்தவ மருத்துவக் குழு வந்தது. பெயர் வேண்டாம். கொஞ்சம் ஆங்கிலம் தெரியும் என்பதால் என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். நல்ல மனிதர்கள், அதில் பொய் இல்லை. ஒரு டொக்டர் வெயிலில் மயங்கி விழுகிற வரைக்கும் நோயாளி பார்த்தார். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் சும்மா இருந்தார், ஒரு சொல் பிரசங்கம் பண்ணவில்லை. பத்தாம் நாள் பஸ் வந்தது, போய்விட்டார்கள்.

போகும்போது மருந்து முழுவதையும் எங்களுக்கே விட்டுவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடத்துக் களஞ்ச அறையில் கூரை முட்ட மட்டைப் பெட்டிகள். அந்தப் பகுதி மிட்வைப் அக்கா திறப்பை வாங்கித் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டா. பெட்டிகளில் இருந்தது எனக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்து. சில பெட்டிகளில் மட்டும் ஒரு மூலையில் பொடி ஆங்கிலத்தில் மருந்தின் பெயர். அக்கா பெயரைப் பார்த்து என்னத்துக்கு என்று சொல்லச் சொல்ல, நான் மாக்கர் பேனையால் பெட்டியில் எழுதினேன். 'வயித்தாலை போறதுக்கு.' 'பிறசருக்கு, டொக்டரைக் கேட்டுக் குடுக்கவும்.' 'கண்ணுக்கு விடுறது, குடிக்கக் கூடாது.' இரண்டு பின்னேரம் பிடித்தது. ஆங்கிலம் இல்லாதவற்றையும் திகதி முடிந்தவற்றையும் ஒரு பக்கம் ஒதுக்கினோம், அந்தப் பக்கம்தான் உயரமாக வந்தது.

அடியில் ஒரு பெட்டி மட்டும் பாரமாக இருந்தது. சேலைனாக்கும் என்று நினைத்து வெட்டினோம். துண்டுப் பிரசுரங்கள், கட்டுக்கட்டாக. வழவழத்தாள், கலர் அச்சு. அக்கா ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்து முதலிலிருந்து கடைசி வரை வாசித்தா.

"இது மட்டும் நல்ல தமிழ்" என்றா.