பதில்: மோயாமோயா ஆப்பரேஷனுக்கு முன்னாடி தண்ணி நிறுத்தலாமா?

மோயாமோயா (மூளைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்குற நோய்) ஆப்பரேஷனுக்காக ராத்திரி 12 மணிக்கு மேல மகளுக்குத் தண்ணிகூட வேணாம்னு சொன்னாங்கன்னீங்கல்ல, ட்ரிப் இல்லாம அப்படி விடுறது ரிஸ்க்கு, இன்னைக்கே நியூரோசர்ஜன் டீமுக்குப் போன் போடுங்க. அதுக்காக நீங்களா தண்ணி குடுத்துடாதீங்க, மயக்க மருந்துக்கு அது ஆபத்து.

மூளைக்குப் போற குழாய் ஏற்கெனவே சுருங்கியிருக்கு, உடம்புல தண்ணி குறைஞ்சு பிரஷர் இறங்குனா ஸ்ட்ரோக் வரலாம். தேம்பித் தேம்பி அழுதாலும் கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சு குழாய் இன்னும் சுருங்கும், அதனால ஊசி போடுற இடத்துல மரத்துப்போற கிரீம் முன்னாடியே தடவச் சொல்லுங்க, வார்டு பிஸின்னா நீங்கதான் ஞாபகப்படுத்தணும்.

முந்தின நாளே அட்மிட் பண்ணி ட்ரிப் போடுவாங்களா, காலையில முதல் கேஸா, ஆஸ்பிரின் தொடரணுமான்னு கேளுங்க.

இன்டைரக்ட் பைபாஸ்னா (குழாயை நேரா இணைக்காம, ரத்த ஓட்டமுள்ள திசுவை மூளை மேல வைக்கிற ஆப்பரேஷன்) புது ரத்தக்குழாய் வளர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் கை தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ, உடனே சரியாயிட்டாக்கூட 995தான் (சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் நம்பர்).